பிள்ளைகள் கொடுத்துப் பழக எந்த உண்டியல் நல்லது?

2018இல் கேரளம் வெள்ளத்தில் தவித்தபோது, சைக்கிள் வாங்க நான்கு ஆண்டுகளாக உண்டியலில் சேர்த்த ஏறக்குறைய 9,000 ரூபாயை அப்படியே எடுத்துக் கொடுத்தாள் விழுப்புரத்துச் சிறுமி ஒருத்தி. அந்த மனசு பிள்ளைகளிடம் இயல்பாகவே இருக்கிறது. கொடுப்பதற்கென்று தனியாக ஓர் உண்டியல் இருந்துவிட்டால், சைக்கிளை விட்டுக்கொடுக்காமலே ஐந்து வயதுப் பிள்ளையும் கொடுக்கலாம்.

ஐந்திலிருந்து ஒன்பது வயது வரைக்கும் எங்கள் தேர்வு, கைக்கடக்கமான மண் உண்டியல். பெரும்பாலும் நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். அதற்குக் கதவும் கிடையாது, சாவியும் கிடையாது. பால் பாக்கெட்டுக்குச் சில்லறை இல்லையென்று பெரியவர்கள் அதில் கைவைக்க முடியாது. பிள்ளையின் நம்பிக்கை உடைவது பெரும்பாலும் அங்கேதான்.

பெரிய உண்டியல் வேண்டாம். நிறைய ஒரு வருஷம் ஆகும். எதற்குச் சேர்த்தோம் என்பதே பிள்ளைக்கு மறந்துபோகும். கனமும் ஒரு பிரச்சினை. பத்து ரூபாய் நாணயம் ஒன்று 7.74 கிராம், நூறு சேர்ந்தால் முக்கால் கிலோவுக்கு மேல்.

வாங்கப் போகும்போது பத்து ரூபாய் நாணயம் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அதன் விட்டம் 27 மி.மீ. இருபது ரூபாய் நாணயமும் அதே அளவு. மண் பாதி காய்ந்த பதத்தில் துளையைக் கீறுவார்கள். காய்ந்து சூளையில் வேகும்போது அது சுருங்கிவிடும். அளவாகக் கீறிய துளையில் 25 மி.மீ. உள்ள புது ஐந்து ரூபாய் போகும், பத்து ரூபாய் சிக்கிக்கொள்ளும். ஒன்றைச் சோதித்துவிட்டு வேறொன்றை எடுத்து வரக் கூடாது, எடுக்கும் உண்டியலிலேயே போட்டுப் பாருங்கள். விரல் முட்டியால் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். மந்தமாகக் கேட்டால் எங்கோ கீறல் இருக்கிறது. வண்ணம் பூசியதைவிடப் பூசாததே மேல். துளையின் ஓரத்தில் பெயிண்ட் கட்டியிருக்காது. 'அங்கன்வாடிக்குப் பந்து' என்று பிள்ளையே சாக்பீஸால் எழுதவும் முடியும். நோக்கத்தை முதல் காசு விழுவதற்கு முன்பே எழுதிவிட வேண்டும்.

நோட்டு போடுவதானால் நீளவாக்கில் இரண்டு முறை மடித்தால் ஏறக்குறைய 16 மி.மீ. அகலத்துக்கு வந்துவிடும். மழைக்காலத்தில் உண்டியலைத் தரையில் வைக்காதீர்கள். மண் ஈரத்தை இழுத்து நோட்டு நமுத்துப்போகும்.

உடைக்கும்போது தரையில் ஓங்கிப் போடுவதுதான் வழக்கம், அதில்தான் காலில் ஓடு குத்துகிறது. பழைய வேட்டியில் சுற்றி, சாக்கின் மேல் படுக்கவைத்து, பெரியவர் ஒருவர் சுத்தியலால் பக்கவாட்டில் ஒரு தட்டு தட்டினால் போதும். பொறுக்கும்போது பிள்ளை செருப்புப் போட்டிருக்கட்டும்.

மற்ற வகைகளில், பூட்டு வைத்த தகர உண்டியல் துருப்பிடிக்கும், துளையின் ஓரம் விரலைக் கிழிக்கும். அடியில் ரப்பர் மூடி வைத்த பிளாஸ்டிக் பொம்மைகளில் மூடி எப்படியும் தொலைந்துபோகும். நோட்டை இழுத்துக்கொள்ளும் ஏடிஎம் பொம்மைகளைக் கொடைக்கென்று வாங்க வேண்டாம். பிள்ளையின் கவனம் மோட்டாரிலேயே நின்றுவிடும். செலவு, சேமிப்பு, கொடை என்று மூன்று அறை வைத்த மரப்பெட்டி யோசனை நல்லதுதான். ஆனால் மூன்றுக்கும் ஒரே கதவு வைத்ததை வாங்காதீர்கள், திறந்தவுடன் காசெல்லாம் கலந்துவிடும். நான்கு வயதுக்குக் கீழே கண்ணுக்குத் தெரிந்தால்தான் புரியும். மூடியில் துளை போட்ட ஒளிபுகும் பிளாஸ்டிக் டப்பா போதும். காசை வாயில் போடும் வயது, பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும்.

சேர்ந்த பத்து ரூபாய் நாணயங்களைக் கடைக்காரர் மறுத்தால் கவலை வேண்டாம். எல்லா வடிவமும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது, வங்கிகள் வாங்கியாக வேண்டும். நூறு நூறாக எண்ணிப் பையில் கட்டிக்கொண்டு போனால் வேலை சுலபம். அந்த எண்ணிக்கையைப் பிள்ளையிடமே விடுங்கள்.

பணமாகக் கொடுப்பதைவிடப் பொருளாக வாங்கிக் கொடுப்பது சின்னப் பிள்ளைக்கு நன்றாகப் புரியும். குழந்தைகள் இல்லத்துக்கோ அங்கன்வாடிக்கோ கொடுப்பதானால் முதலில் என்ன தேவை என்று கேளுங்கள். இனிப்பும் கேக்கும் பிறந்தநாள்காரர்கள் கொண்டுவருவார்கள். சோப்பு, பற்பசை, தேங்காய் எண்ணெய், கோடு போட்ட நோட்டு என்று பதில் வரலாம். கடையில் பணத்தை நீட்டுவதும் அங்கே போய்ப் பொருளைக் கொடுப்பதும் பிள்ளையின் கையாக இருக்கட்டும். வாங்கிக்கொள்ளும் பிள்ளைகளைப் படமெடுத்து இணையத்தில் போடாதீர்கள்.