வரிசையாக 20, 20, 20: மாஸ்டர் ட்ரெய்னரா, எக்கோவா?

எங்கள் வட்டாரக் காசநோய்ப் பணியாளர்களுக்கு இரண்டு வழியிலும் பயிற்சி நடத்திப் பார்த்துவிட்டேன். ஒருவர் கற்று அடுத்தவருக்குச் சொல்லித் தருவது மாஸ்டர் ட்ரெய்னர் முறை; வீடியோ கூட்டத்தில் நோயாளிகளைப் பற்றிச் சேர்ந்து அலசிக் கற்பது எக்கோ. இப்போது எக்கோ பக்கம்தான் நிற்கிறேன்.

மாஸ்டர் ட்ரெய்னர் முறை தெரிந்ததுதான். மாநிலத்தில் கற்றவர் மாவட்டத்துக்கு, மாவட்டத்தார் வட்டாரத்துக்கு, அங்கிருந்து சுகாதார நிலையத்துக்கு. வேகத்தில் இதை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஒரே மாதத்தில் எல்லார் கைக்கும் புதுப் படிவம் வந்துவிடும்.

வந்த பிறகுதான் சிக்கல். 2022-ல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நோய் உறுதியானதும் எடை, உயரம், கால் வீக்கம், மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன் அளவு, துணையின்றி நிற்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். மூச்சு நிமிடத்துக்கு 24-ஐத் தாண்டினாலே தீவிர நிலை. மேலே சொல்லித் தந்தது ஒரு நிமிடம் முழுக்க எண்ணச் சொல்லி. நடுவில் அது அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குவதாக மாறியது. எங்கள் பதிவேட்டுக்கு வந்தபோது ஒரு பக்கத்தில் இருந்த பதினொரு பேருக்கும் 20! ஏமாற்று வேலை என்று சொல்ல மாட்டேன். திரும்பிக் கேட்க ஆளில்லை, அவ்வளவுதான்.

எக்கோவை 2003-ல் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் சஞ்சீவ் அரோரா ஹெபடைடிஸ் சி நோய்க்காகத் தொடங்கினார். சிற்றூர் மருத்துவர் தன் நோயாளியைப் பற்றி வீடியோவில் சொல்வார். நிபுணரும் மற்ற ஊர்க்காரர்களும் சேர்ந்து அலசுவார்கள். 2011-ல் வெளிவந்த ஆய்வில், பல்கலைக்கழக மருத்துவமனையில் 57.5 சதவீதம் பேருக்கும் எக்கோவில் இணைந்த சிற்றூர் மருத்துவமனைகள், சிறைகளில் 58.2 சதவீதம் பேருக்கும் நோய் குணமாகியிருந்தது.

எங்கள் வியாழக்கிழமைக் கூட்டத்தில் ஒரு சுகாதாரப் பார்வையாளர், "20னுதான் சார் எழுதியிருக்கேன், ஆனா அவரால ஒரு வாக்கியம் முழுசாப் பேச முடியலை" என்றார். மொபைலில் டைமர் வைத்து அங்கேயே எண்ணச் சொன்னோம். 32. அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். அடுத்த வாரத்திலிருந்து மற்ற நிலையங்களின் பதிவேட்டிலும் 18, 22, 26 என்று எண்கள் கலைய ஆரம்பித்தன.

ஆனால் எக்கோவைக் கட்டிக்காப்பது பெரும்பாடு. நடத்திவந்த டாக்டர் மாற்றலாகிப் போனதும் இரண்டு மாதம் கூட்டமே இல்லை. சிக்னல் தொல்லை தனி. பிரசவம் பார்ப்பது போன்ற கைப்பழக்க வேலைக்கு இது ஒத்துவருமா என்றால், நான் நடத்தியது காசநோய்க்கு மட்டும். கைப்பழக்க வேலைக்கு நேரில் நின்று பழகுவதே நல்லது என்று தோன்றுகிறது.

இப்போது முதல் நாள் வகுப்பைப் பழைய முறையில்தான் வைக்கிறோம். அப்புறம் வியாழன்தோறும் யாராவது ஒருவர் தன் பதிவேட்டின் ஒரு பக்கத்தைத் திரையில் காட்ட வேண்டும்.