ஹனோயா, ஹோய் ஆனா? வியட்நாமியச் சமையல் வகுப்புக்கு ஏற்ற ஊர்

வியட்நாம் பயணத்தில் அரை நாளை ஒதுக்கிச் சமையல் வகுப்பில் சேர நினைப்பவர்களுக்கு, தலைநகர் ஹனோயும் நாட்டின் நடுப்பகுதியில் துபோன் ஆற்றங்கரையில் உள்ள ஹோய் ஆனும்தான் முதன்மையான இரு தேர்வுகள். இரண்டு ஊர்களிலும் வகுப்பின் போக்கு ஏறக்குறைய ஒன்றே: காலையில் சந்தைக்குச் சென்று பொருள்களை வாங்கி, மூன்று நான்கு உணவுகளைச் சமைத்து, சமைத்ததையே மதிய உணவாகச் சாப்பிட்டுவிட்டுக் கலைவார்கள். அந்த அரை நாளில் கற்பவரின் கைக்கு எவ்வளவு வேலை கிடைக்கிறது, ஊருக்குத் திரும்பிய பிறகு எதைத் தானாகச் செய்ய முடிகிறது என்ற இரண்டைக் கொண்டே நான் இவற்றை எடைபோடுகிறேன்.

ஹனோய் வகுப்புகள் பெரும்பாலும் வீட்டுச் சமையலறைகளிலும் சிறு உணவகங்களின் மாடிகளிலும் நடக்கின்றன. வறிய இளைஞர்களுக்கு உணவகத் தொழில் கற்பிப்பதற்காக ஜிம்மி ஃபாம் 1999இல் அங்கே தொடங்கிய கோட்டோ போன்ற சமூக நிறுவனங்களும் பயணிகளுக்கு வகுப்பு நடத்தியிருக்கின்றன. அங்கே கற்க வேண்டிய உணவு என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால், தயங்காமல் புன் சா என்பேன்; அரிசி நூடுல்ஸோடு பரிமாறும் சுட்ட பன்றி இறைச்சி அது. மெல்லிய பன்றி இறைச்சித் துண்டுகளையும் கொத்திய இறைச்சியில் பிடித்த சிறு வடைகளையும் மீன் சாஸ், சின்ன வெங்காயம், கருக்கிய சர்க்கரைப் பாகு ஆகியவற்றில் ஊறவைத்து, இரட்டைக் கம்பி வலைக்குள் அடுக்கி, கரி நெருப்பில் விசிறியபடியே சுடுவார்கள். கொழுப்பு சொட்டும்போது தணல் குப்பென்று எழும். வலையை எப்போது திருப்புவது, எப்போது தூக்கிப் பிடிப்பது என்பதைப் பக்கத்தில் நின்று சொல்லித்தர ஒருவர் இருந்தால்தான் பிடிபடும்.

புன் சாவைவிடப் பயன்மிக்க பாடம், அதோடு வரும் நூக் சம் என்ற தொடுசாறு. மீன் சாஸ், சர்க்கரை, எலுமிச்சைச் சாறு மூன்றும் ஒவ்வொரு பங்கு, தண்ணீர் நான்கைந்து பங்கு என்பது பரவலாகச் சொல்லித்தரப்படும் அளவு. ஆனால் நல்ல ஆசிரியர் அளவோடு நிறுத்திக்கொள்வதில்லை. எலுமிச்சையின் புளிப்பு நாளுக்கு நாள் மாறுவதால் ஒவ்வொரு முறையும் நாக்கில் வைத்துப் பார்த்தே திருத்தச் சொல்வார். பொடியாக நறுக்கிய பூண்டையும் மிளகாயையும் கடைசியில் போட வைப்பார். அப்போதுதான் அவை அடியில் தங்காமல் மேலே மிதக்கும்.

ஹோய் ஆனின் பலம் மாவு வேலையில் இருக்கிறது. வாய் அகன்ற பானையில் துணியை இழுத்துக் கட்டி, அதன்மேல் அரிசிமாவுக் கரைசலை மெல்லியதாகப் பரப்பி, மூடி வேகவைத்து, மூங்கில் குச்சியால் கிழியாமல் எடுப்பதை அங்கே பல வகுப்புகளில் ஒவ்வொருவரும் செய்து பார்க்கலாம். அடுத்தது பான் ஸெயோ என்ற, உள்ளே பூரணம் வைத்து மடிக்கும் மொறுமொறுப்பான அடை. அரிசிமாவும் மஞ்சளும் கலந்த அந்தக் கரைசல் நம் தோசைமாவைப்போல் புளிப்பதில்லை, கரண்டியால் தேய்க்கப்படுவதும் இல்லை. சூடான சட்டியில் ஊற்றியவுடன் சட்டியைச் சாய்த்துச் சுழற்றினால்தான் விளிம்பு மெலிந்து மொறுமொறுப்பாகும். பாதி வெந்ததும் இறாலையும் முளைப்பயிரையும் வைத்து மடித்து, கீரை, புதினாவோடு அரிசித்தாளில் (அரிசிமாவில் செய்த, உண்ணக்கூடிய மெல்லிய தாள்) சுருட்டிச் சாப்பிடுவார்கள். இதைப் பார்த்துக் கற்க இயலாது; இரண்டைக் கருக்கிய பிறகே கை பழகும்.

ஹோய் ஆனிலேயே இரண்டு வகை வகுப்புகள் உண்டு. கம் தான் பகுதியில் நீர்த்தென்னைத் தோப்புக்குள் வட்டக் கூடைப் படகில் சுற்றிய பிறகு சமைப்பது ஒரு வகை. ட்ரா க்வே காய்கறிக் கிராமத்தில் பாத்திகளில் கீரை பறித்துவிட்டுச் சமைப்பது இன்னொன்று. படகுச் சவாரி குழந்தைகளுக்கு நிச்சயம் பிடிக்கும், ஆனால் அதற்கான நேரம் அடுப்பிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. ட்ரா க்வேயில் ஆற்றுப்பாசியை உரமாகப் புதைத்து வளர்க்கும் கீரைகளை மணம் பார்த்து அடையாளம் காண்பது சமையலின் பகுதியாகவே அமைகிறது. வியட்நாமியச் சாப்பாட்டில் பச்சிலைகள் அலங்காரமல்ல, உணவின் பாதியே அவைதான் என்பதால், ட்ரா க்வேயையே பரிந்துரைக்கிறேன்.

இரண்டு ஊர்களின் பெருமைக்குரிய உணவுகளும் வகுப்பில் முழுமையாகக் கைவருவதில்லை. ஹனோயின் ஃபோ என்ற நூடுல்ஸ் சூப்புக்கு மாட்டெலும்பு பல மணி நேரம் கொதிக்க வேண்டும். எனவே சுட்ட இஞ்சியும் அன்னாசிப்பூவும் பட்டையும் போட்ட சாறு முன்கூட்டியே தயாராக இருக்கும், கற்பவர் கிண்ணத்தில் அடுக்குவதோடு சரி. ஹோய் ஆனின் காவ் லாவ் நூடுல்ஸுக்கு உள்ளூர்க் கிணற்று நீரும் சாம்பல் நீரும் வேண்டும் என்பது அவ்வூர் மரபு; வகுப்பில் கடையில் வாங்கிய நூடுல்ஸே கிடைக்கும். இவற்றை நல்ல கடையில் சாப்பிட்டுக்கொள்வதே மேல்.

சைவ உணவினருக்கு ஹோய் ஆன் தெளிவாக முந்துகிறது. பான் ஸெயோவில் இறாலுக்குப் பதில் காளான் வைத்தால் எதுவும் குறைவதில்லை. புன் சாவிலிருந்து இறைச்சியை எடுத்துவிட்டால் மிஞ்சுவது சொற்பம். எங்கே சேர்ந்தாலும் மீன் சாஸும் வேண்டாம் என்று முன்பதிவின்போதே எழுதிவிட வேண்டும், ஏனெனில் இறைச்சி இல்லாத உணவிலும் அது இயல்பாகவே சேரும். சந்திர மாதத்தின் முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும் பௌத்தர்கள் பலர் சைவம் உண்பதால், அந்நாள்களில் சைவப் பொருள்கள் எளிதாகக் கிடைக்கும்.

அக்டோபர், நவம்பர் மாதங்களில் ஹோய் ஆனில் வெள்ளம் வருவதுண்டு. அப்போது ஹனோயே பாதுகாப்பான தேர்வு. தெற்கே சைகோனில் (ஹோ சி மின் நகரில்) மட்டும் தங்குபவர்கள் அங்கேயே சேரலாம். தேங்காய்ப்பால் சேர்ந்த பெரிய பான் ஸெயோ தெற்கின் தனிச்சுவை. ஹாலாங் விரிகுடாக் கப்பல்களில் நடப்பதைச் சமையல் வகுப்பாகக் கருத வேண்டாம், பெரும்பாலும் அரிசித்தாள் சுருட்டுவதோடு அது முடிந்துவிடும். பணம் கட்டுமுன் ஆளுக்கொரு அடுப்பு உண்டா, குழுவில் எத்தனை பேர் என்று கேளுங்கள். ஏற்கெனவே நன்றாகச் சமைப்பவரும் இறைச்சி உண்பவரும் ஹனோய்க்குப் போகலாம். மற்ற எல்லோருக்கும் ட்ரா க்வே.