டெட்ராய்ட் டவுன்டவுன்: கோபுரமா, காபிக் கடையா, சந்தையா?

ஊரிலிருந்து யாராவது வந்தால் அவர்களை நான் முதலில் அழைத்துப்போவது டெட்ராய்ட் டவுன்டவுனில் இருக்கும் லஃபயெட் தெருவுக்குத்தான். அங்கே இரண்டு ஹாட் டாக் கடைகள் ஒட்டி ஒட்டி நிற்கின்றன: அமெரிக்கன் கோனி ஐலண்ட், லஃபயெட் கோனி ஐலண்ட். கிரேக்க நாட்டிலிருந்து பிழைக்க வந்த அண்ணன் தம்பிகள் சேர்ந்து கடை நடத்தி, அப்புறம் பிரிந்துபோய்ப் பக்கத்திலேயே இன்னொரு கடை போட்டார்கள் என்பது ஊரில் எல்லோரும் சொல்லும் கதை. அமெரிக்கன் 1917-லிருந்து இருக்கிறது. லஃபயெட்டில் உட்கார்ந்தால் பரிமாறுகிறவர் முழங்கை வரை தட்டுகளை அடுக்கிக்கொண்டு வருவார். நீள ரொட்டிக்குள் சாசேஜ், அதன்மேல் கொத்துக்கறிக் குழம்பு, ஒரு கோடு மஸ்டர்ட், வதக்காத வெங்காயம். சாப்பிட்டு முடிக்கப் பத்து நிமிஷம் போதும்.

இந்த ஊரின் மக்கள்தொகை 1950-ல் 18.5 லட்சம். 2020 கணக்கெடுப்பில் 6.39 லட்சம். நகராட்சியே 2013 ஜூலையில் திவால் மனு கொடுத்தது. ஒரு காலத்தில் குடும்பம் குடும்பமாக ஜனம் வந்து இறங்கிய ஹட்சன்ஸ் கடை, 25 மாடிக் கட்டிடம், 1983-ல் மூடப்பட்டு 1998 அக்டோபரில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. இத்தனைக்கும் தாக்குப்பிடித்து அந்த இரண்டு கோனி கடைகளும் நிற்கின்றன.

நண்பர் ஒருவர், நோவை (Novi) என்ற புறநகரில் இருப்பவர், டவுன்டவுனில் ஃபில்டர் காபி கடை போட ஆசைப்படுகிறார். "அண்ணா, இப்பத்தான் டவுன்டவுன் எழுந்திருச்சுருச்சே, எங்க போடலாம்?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்காக வார இறுதிகளில் தெருத்தெருவாக நடந்தோம். டெட்ராய்ட்டின் நடு நகரத்தைத் தூக்கி நிறுத்த மூன்று வழிகளில் முயன்றிருக்கிறார்கள். மூன்றும் சில மைல் தூரத்துக்குள்ளேயே நடப்பதால் ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல ஊர் கிடைக்காது.

பெரிய பணம் முதலில்

உட்வர்ட் அவென்யூவில் இருந்து தொடங்கலாம். குவிக்கன் லோன்ஸ் நிறுவனத்தின் டான் கில்பர்ட் 2010-ல் தன் ஊழியர்கள் 1,700 பேரைப் புறநகரிலிருந்து டவுன்டவுனுக்குக் கொண்டுவந்தார். அடுத்த வருஷத்திலிருந்து அவருடைய பெட்ராக் நிறுவனம் காலிக் கட்டிடங்களை வாங்கத் தொடங்கியது. இன்று அதன் கையில் இருப்பவை நூறுக்கும் மேல். பூட்டிக்கிடந்த கட்டிடங்களில் விளக்கு எரிந்தது, கண்ணாடி மாற்றினார்கள், நடைபாதையில் ஆள் நடமாட்டம் வந்தது. 2004-ல் திறந்த கேம்பஸ் மார்ஷியஸ் பூங்காவைச் சுற்றித்தான் இதெல்லாம். கோடையில் அங்கே மணல் கொட்டிக் குழந்தைகளை விளையாட விடுகிறார்கள், குளிர்காலத்தில் பனிச்சறுக்குக் களம். 2017-ல் உட்வர்டில் கியூலைன் டிராம் ஓடத் தொடங்கியது. ஹட்சன்ஸ் இருந்த அதே மனையில் சுமார் 207 மீட்டர் உயரத்துக்குப் புதுக் கட்டிடம் எழுந்துவிட்டது.

இதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ராத்திரி எட்டு மணிக்கு அந்தப் பூங்காவில் குடும்பத்தோடு உட்கார முடிகிறது என்பதே இந்த ஊருக்குப் பெரிய விஷயம்.

ஆனால் காபிக் கடை போடுகிறவர் கணக்கு வேறு. அங்கே கடையின் வியாபாரம் ஆபீஸை நம்பியிருக்கிறது. கொரோனாவுக்குப் பிறகு வாரத்தில் சில நாட்கள் வீட்டிலிருந்தே வேலை என்றானதும், திங்கள் காலையில் வரும் கூட்டமும் வெள்ளி காலையில் வரும் கூட்டமும் ஒன்றாக இல்லை. வாடகை மட்டும் ஏழு நாளுக்கும் சேர்த்துத்தான். இன்னொன்று, நகரத்தின் நடுவில் இத்தனை கட்டிடங்கள் ஒரே கையில் இருக்கும்போது, உங்கள் லீஸ் முடிகிற அன்று அடுத்த தெருவுக்குப் போனாலும் அங்கேயும் அநேகமாக அதே உரிமையாளர்தான் இருப்பார். பேரம் பேச இடமே இல்லை. ஒரு பக்கம் 2022-ல் கூச்சி (Gucci) ஆடம்பரக் கடை திறந்தது. நைக்கி அதற்கு முன்பே வந்துவிட்டது. அவர்களோடு ஒரே தெருவில் வாடகை கொடுப்பவருக்கு ஒரு டம்ளர் காபியை என்ன விலைக்கு விற்றால் கட்டுப்படியாகும்?

இதில் பொதுப்பணமும் நிறையவே இருக்கிறது. ஹட்சன்ஸ் மனைக்கு மட்டும் 2022-ல் நகர மன்றம் பத்து வருஷத்துக்கு சுமார் 6 கோடி டாலர் வரிச்சலுகை கொடுத்தது. கொஞ்சம் வடக்கே, லிட்டில் சீசர்ஸ் விளையாட்டு அரங்கத்துக்கு 30 கோடி டாலருக்கு மேல் பொதுப்பணம் போனது. அரங்கம் 2017-ல் திறந்தது. அதைச் சுற்றி 50 பிளாக்குகளில் ஐந்து குடியிருப்புப் பகுதிகள் வரும் என்று சொன்னார்கள். வெகுகாலம் அங்கே கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் கார் நிறுத்தும் தரைகள்தான். ஆட்டம் இருக்கும் இரவில் காரை நிறுத்தி, நேராக உள்ளே போய், நேராக வீட்டுக்குப் போகும் ஜனத்திடம் காபி விற்க முடியாது.

பெரிய கட்டிடம் கட்டி டவுன்டவுனைக் காப்பாற்றுவது இந்த ஊருக்குப் புதிதும் இல்லை. ஃபோர்டு கார் கம்பெனியின் இரண்டாம் ஹென்றி ஃபோர்டு முன்னின்று கட்டிய ரெனைசன்ஸ் சென்டர் 1977-ல் திறந்தது. கடையும் ஓட்டலும் ஆபீஸும் எல்லாமே கட்டிடத்துக்கு உள்ளே, தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. சுற்றியிருந்த பழைய கட்டிடங்களில் இருந்தவர்கள் காலிசெய்து இதற்குள் குடிபோனதுதான் மிச்சம். அதற்கப்புறம் ஆறே வருஷத்தில்தான் ஹட்சன்ஸ் மூடியது. அங்கே இருந்த ஜெனரல் மோட்டார்ஸ், தன் தலைமையகத்தை ஹட்சன்ஸ் மனையின் புதுக் கட்டிடத்துக்கு மாற்றப்போவதாக 2024-ல் அறிவித்தது. ஒரு கட்டிடம் நிரம்ப இன்னொன்று காலியாவதை இந்த ஊர் இரண்டாவது முறை பார்க்கிறது.

2013-ல் கேபிடல் பார்க் அருகே கிரிஸ்வோல்ட் அடுக்குமாடியில் குறைந்த வாடகையில் இருந்த முதியோர்களைக் காலிசெய்யச் சொன்னார்கள். புதுப்பித்து, பெயர் மாற்றி, அதிக வாடகைக்கு விட்டார்கள். தினமும் கீழே இறங்கி வந்து ஒரு காபியோடு ரெண்டு மணி நேரம் உட்காருகிறவர்கள் அப்படிப்பட்ட பெரியவர்கள்தானே. அவர்களை அனுப்பிவிட்டுத் தெருவில் நாற்காலி போடுவதை என் மனம் ஒப்பவில்லை.

சின்னக் கடைகள் முதலில்

மேற்கே மிச்சிகன் அவென்யூவில் போனால் கார்க்டவுன். அயர்லாந்தின் கார்க் மாவட்டத்திலிருந்து வந்தவர்கள் குடியேறிய பழைய பகுதி. பேஸ்பால் அரங்கமான டைகர் ஸ்டேடியம் 1999-ல் கடைசி ஆட்டத்தை நடத்திவிட்டுப் பூட்டிக்கொண்டது. கொஞ்சம் தள்ளி மிச்சிகன் சென்ட்ரல் ரயில் நிலையம், 1988-லேயே கடைசி ரயிலை அனுப்பிவிட்டு, ஜன்னல் ஒன்றுகூட இல்லாமல் நின்றது. அந்த நிலையத்தைப் பார்த்தபடி 2005-ல் ஸ்லோஸ் என்ற பார்பிக்யூ கடை திறந்தது. வாசலில் வரிசை நின்றது. வரிசையைப் பார்த்துப் பக்கத்தில் காபிக் கடை, பார், பேக்கரி என்று ஒவ்வொன்றாக வந்தன. இதேபோல் காஸ் காரிடரில், எல்லோரும் ஒதுங்கிப்போன தெருவில், 1997-லேயே அவலான் ரொட்டிக்கடை திறந்துவிட்டது. மானியத்தையோ கோபுரத்தையோ எதிர்பார்த்து இவர்கள் நிற்கவில்லை. காலையில் ரொட்டி வாசனை வந்தால் ஆள் வருவார்கள் என்று நம்பினார்கள், வந்தார்கள்.

எனக்கு இந்த வழி பிடித்ததற்குக் காரணம், தப்பு நடந்தாலும் சின்னத் தப்பாகத்தான் நடக்கும். ஒரு கடை மூடினால் ஒரு கடைதான் மூடும். தெருவே இருட்டாகிவிடாது.

ஆனால் இதற்குள்ளும் ஒரு வேதனை இருக்கிறது. 2011-ல் கார்க்டவுனில் ஒரு பழைய கிடங்கை ஒரு லட்சம் டாலருக்கு வாங்கி, போனிரைட் என்று பெயர் வைத்து, ஜீன்ஸ் தைப்பவர், காபிக்கொட்டை வறுப்பவர் என்று கைத்தொழில்காரர்களுக்கு மிகக் குறைந்த வாடகைக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். அந்தோலஜி காபி தொடங்கியது அங்கேதான். அப்புறம் அந்தப் பகுதியே பேர் வாங்கிவிட்டது. ஃபோர்டு 2018-ல் ரயில் நிலையத்தை வாங்கியதும் சுற்றுவட்டாரத்தில் மனைவிலை ஏறியது. போனிரைட் 2019 வாக்கில் கார்க்டவுனை விட்டே வெளியேறியது. தெருவுக்கு மதிப்பை உண்டாக்கியவர்கள் இவர்கள். அந்த மதிப்பு கட்டிடத்தின் விலையில்தான் போய்ச் சேர்ந்தது, வாடகைக்கு இருந்தவர் கல்லாவில் சேரவில்லை.

மிச்சிகன் சென்ட்ரல் 2024 ஜூனில் மறுபடி திறந்தது. நானும் உள்ளே போய்ப் பார்த்தேன், கூரையின் ஓடுகளைச் சீர்செய்திருக்கிறார்கள், அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும்வரை பார்க்கத் தோன்றும். அது நல்ல காரியம். ஆனால் ஒரே கம்பெனியை நம்பிய கடைத்தெரு எப்படி இருக்கும் என்பது நம்மவர்களுக்குத் தெரியாததில்லை. ஃபோர்டு இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக 2021-ல் அறிவித்தபோது மறைமலை நகர் பக்கம் எத்தனை வீடுகளில் தூக்கம் போயிருக்கும். மிச்சிகனில் இருக்கும் தமிழர்களில் சிலர் அந்த ஆலை வழியாக இங்கே வந்தவர்கள்.

சந்தையின் கூரை

மூன்றாவது வழியைப் பற்றி இங்கே யாரும் அதிகம் பேசுவதில்லை. டவுன்டவுனிலிருந்து வடகிழக்கே ஒரு மைல் போனால் ஈஸ்டர்ன் மார்க்கெட். 1891-லிருந்து அதே இடத்தில் நடக்கிறது. நீளமான கொட்டகைகள், அவற்றுக்கு நம்பர்தான் பெயர். கொட்டகைகள் நகரத்துக்குச் சொந்தம். 2006-லிருந்து லாபநோக்கு இல்லாத ஓர் அமைப்பு நிர்வகிக்கிறது. சனிக்கிழமை காலை ஏழு மணிக்குப் போனால் விவசாயி லாரியை ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருப்பார். செப்டம்பரில் சிவப்பு மிளகாய் கூடை கூடையாக வரும். நம்மாட்கள் தக்காளியைப் பெட்டிக்கணக்கில் வாங்கி நாலு குடும்பமாகப் பிரித்துக்கொள்வார்கள். கறுப்பினத்துப் பாட்டிமார், புறநகர் வெள்ளைக்காரக் குடும்பம், வங்காளதேசத்து இளைஞர்கள் எல்லோரும் ஒரே வரிசையில் நிற்பதை இந்த ஊரில் வேறெங்கும் நான் இவ்வளவு இயல்பாகப் பார்த்ததில்லை.

இங்கே கடை என்றால் ஒரு மேஜை. ஒரு நாள் வாடகை கொடுத்துப் போட்டுப் பார்க்கலாம். ஐந்தாம் நம்பர் கொட்டகையைப் புதுப்பித்தபோது, சிறுவியாபாரிகள் வாடகைக்கு எடுத்துச் சமைக்க ஒரு பொதுச் சமையலறையும் கட்டினார்கள். லட்சக்கணக்கில் முடக்கி அடுப்பு போடாமலே, நம் சரக்கை ஜனம் திரும்பத் திரும்ப வாங்குகிறதா என்று பார்த்துவிட முடியும்.

கொட்டகைக்கு வெளியே ஒரு தெரு தள்ளினால் பழைய கதைதான். ரஸல் ஸ்ட்ரீட் டெலி என்று ஒரு கடை, சூப்புக்குப் பேர் போனது, சுமார் முப்பது வருஷம் நடந்தது. கட்டிடத்தின் பழுதுவேலை தொடர்பாக உரிமையாளரோடு எழுந்த தகராறில் 2019-ல் மூடியது. கூட்டத்துக்கும் சுவைக்கும் அங்கே குறை இருக்கவில்லை. ஒரே சந்தை, ஒரே ஜனம். கூரை யாருடையது என்பதுதான் வித்தியாசம்.

நகராட்சியின் பங்கும் இருக்கிறது. 2015-ல் தொடங்கிய மோட்டார் சிட்டி மேட்ச் திட்டத்தில் சிறுகடைகளுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை போட்டி வைத்து மானியம் கொடுக்கிறார்கள், ஒரு கடைக்கு ஒரு லட்சம் டாலர் வரை. திட்டம் தொழில் திட்டத்தையும் இடத்தையும் பொருத்திவைக்கிறது என்பது நல்ல அம்சம். அதே நகராட்சி 2019-ல் லிவர்னாய்ஸ் அவென்யூவில் நடைபாதையை அகலப்படுத்தத் தெருவைத் தோண்டியபோது, அங்கிருந்த கறுப்பினத்தவர் கடைகள் பல மாதம் வாடிக்கையாளர் வர வழியில்லாமல் தவித்தன. அந்த வேலைக்குப் பின்னாலேயே கொரோனா வந்தது. நடைபாதை இப்போது அழகாகத்தான் இருக்கிறது. தோண்டும்போது கடைக்காரருக்கு வாடகைக்காவது வழி செய்துவிட்டுத் தோண்டியிருக்கலாம்.

மூன்றையும் வைத்துப் பார்த்தால் என் ஓட்டு சந்தைக்கு. ஜனக்கூட்டத்தில் உட்வர்டை அடிக்க முடியாது. மனதுக்கு நெருக்கம் கார்க்டவுன்தான். ஆனால் பத்தாவது வருஷமும் அதே ஆள் அதே இடத்தில் கடை வைத்திருக்க வழி இருக்கிறதா என்று கேட்டால், கூரை பொதுவில் இருக்கும் இடம்தான் உறுதியாக நிற்கிறது. அல்லது கூரை கடைக்காரருடையதாக இருக்க வேண்டும். லஃபயெட் கோனியில் 1991-லிருந்து கடையை நடத்துவது அங்கே வேலைபார்த்த ஊழியர்களேதான்.

நண்பரிடம் இப்படித்தான் சொன்னேன். முதல் வருஷம் சனிக்கிழமை மட்டும் ஒரு மேஜை. டிகாக்‌ஷன், பால், டபரா டம்ளர், அவ்வளவு போதும். இரண்டாம் வருஷம் மோட்டார் சிட்டி மேட்ச்சுக்கு விண்ணப்பம். உட்வர்டு வேண்டாம். கடை எடுத்தால், லீஸில் அந்தக் கட்டிடம் விற்பனைக்கு வரும்போது முதலில் உங்களிடம் கேட்க வேண்டும் என்று ஒரு வரி எழுதி வாங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். கூரை, தரை, ஹீட்டர் பழுதானால் யார் செலவு என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும்.

"ஒரு மேஜைதானா அண்ணா?" என்று கொஞ்சம் முகம் சுருங்கினார். அடுத்த சனிக்கிழமை அவரை ஏழு மணிக்கே மார்க்கெட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். மூன்றாம் நம்பர் கொட்டகையில் குளிருக்குக் கையைத் தேய்த்துக்கொண்டு நிற்கும் கூட்டத்தை அவர் ஒருமுறை பார்க்கட்டும்.