கடப்பாரையும் தடுப்பணையும்: சூழலியலின் இரு வழிகள்

சூழலியல் படிக்க வருபவர் சீக்கிரமே ஒரு கவட்டைப் பாதைக்கு வந்துவிடுவார். உயிரினங்களைப் பின்தொடர்வது ஒரு வழி. அவற்றின் ஊடே போய்வரும் நீரையும் சத்தையும் பின்தொடர்வது இன்னொரு வழி. இரண்டுக்கும் நல்ல உதாரணங்கள் 1963-ல் அமெரிக்காவின் இரு கரைகளில் தொடங்கின.

மேற்கே வாஷிங்டன் மாநிலத்தின் பாறைக் கடற்கரை. சூழலியலாளர் ராபர்ட் பெய்ன் கடப்பாரையால் கடல் நட்சத்திரங்களை நெம்பியெடுத்துக் கடலுக்குள் வீசினார். பக்கத்துப் பாறையைத் தொடாமல் விட்டார். வேட்டையாடியான கடல் நட்சத்திரம் போனதும் முதலில் பாறையில் ஒட்டி வாழும் கொட்டலசுகள் படர்ந்தன, பிறகு சிப்பிகள் எல்லாவற்றையும் நெருக்கித் தள்ளின. 15 இனங்கள் இருந்த இடத்தில் 8தான் மிஞ்சின என்று 1966-ல் எழுதினார். இந்த வழிக்கு அண்டைத் துறைகள் பரிணாமமும் கணிதமும்.

கிழக்கே நியூ ஹாம்ப்ஷயரின் ஹப்பர்ட் புரூக் காடு. அடிப்பாறையில் நீர் அதிகம் கசியாது; பெய்த மழையில் ஆவியானது போக மீதி ஓடை வழியேதான் வெளியேற வேண்டும். ஓடையின் குறுக்கே 'வி' வடிவ வெட்டுள்ள சிறு தடுப்பணை கட்டினால் காட்டுக்கே வரவு செலவுக் கணக்கு எழுதலாம். எழுதியவர்கள் தாவரம் அறிந்த போர்மன், ஏரிகளை ஆய்ந்த லைக்கன்ஸ், நிலவியலாளர் நோய் ஜான்சன், வனத்துறையின் ராபர்ட் பியர்ஸ். 1965-ல் ஒரு நீர்ப்பிடிப்பு முழுவதையும், அதாவது ஒரே ஓடைக்கு மழைநீர் வடியும் காட்டுப் பகுதியை, வெட்டிச் சாய்த்து, அடுத்த ஆண்டுகளில் மறுபடி துளிர்க்காமல் களைக்கொல்லி தெளித்தார்கள். ஓடையில் நைட்ரேட் குடிநீர் வரம்பையே தாண்டியது. வரவுப் பக்கத்துக்காகச் சேகரித்த மழைநீரோ அமிலமாக இருந்தது. அதை அவர்கள் தேடிப் போகவே இல்லை.

என் சாய்வு தடுப்பணையின் பக்கம். அங்கே நிலவியலாளர் இல்லாமல் கேள்வியையே கேட்க முடியாது. பிற துறையோடு சேர்ந்து உழைப்பது என்றால் அதுதான். கடப்பாரைக்கு ஆள்பலமும் பணமும் குறைவாகப் போதும், ஒரு காரணத்தை ஐயமின்றிக் காட்டிவிடும் என்பதையும் மறுக்க மாட்டேன். மேலும், ஓடைக் கணக்கில் காடு மூடிய பெட்டி. எந்த மரம் நோகிறது என்று அது சொல்லாது.

அந்தக் குறை பின்னாளில் அங்கேயே தீர்ந்தது. அமில மழை மண்ணின் கால்சியத்தைக் கரைத்துக்கொண்டு போவது கணக்கில் தெரிந்தது. 1999-ல் ஹெலிகாப்டரிலிருந்து ஒரு நீர்ப்பிடிப்பு முழுவதும் கால்சியம் கனிமத்தைத் தூவினார்கள். அடுத்த ஆண்டுகளில் மரங்களையே நேரில் பார்த்தார்கள்: சர்க்கரை மேப்பிள்கள் தேறியிருந்தன.