பொலிஸ் வரி கூடிய அளவுக்கு வேலையும் கூடியதா?

மார்ச் மாதம் கவுன்சில் டாக்ஸ், அதாவது வீட்டு வரி பில் வந்தால் மொத்தத் தொகையை மட்டும் பார்த்துவிட்டு லாச்சிக்குள் போட்டுவிடுகிற ஆள்தான் நான். எங்கள் வீட்டில் களவு போன பிறகுதான் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்கத் தொடங்கினேன். அதில் பொலிசுக்கென்று தனியாக ஒரு வரி இருக்கிறது, பிரிசெப்ட் என்பார்கள். வசூலிப்பது கவுன்சில், ஆனால் காசு பொலிசுக்குப் போகிறது. நாங்கள் காசு கட்டி வாங்குகிற சேவைதானே, கடைக்கும் சாப்பாட்டுக்கும் எழுதுவதுபோல இதற்கும் எழுதினால் என்ன என்று தோன்றியது. நான் இருப்பது இங்கிலாந்தில் ஒரு நடுத்தர நகரம், பெயர் வேண்டாம்.

முதலில் விலை. பொதுவாக்கெடுப்பு வைக்காமல் பொலிஸ் வரியை எவ்வளவு கூட்டலாம் என்று அரசாங்கம் ஒவ்வொரு வருடமும் ஒரு எல்லை போடும். பேண்ட் டி, அதாவது வீட்டின் பெறுமதியை வைத்துப் பிரிக்கிற தரங்களில் நடுத்தரமான ஒன்று, அந்த வீட்டுக்கு 2019-இல் 24 பவுண்ட்ஸ், 2023-இல் 15, 2024-இல் 13, 2025-இல் 14. அநேகமான இடங்களில் அந்த எல்லை வரைக்கும் கூட்டிவிடுகிறார்கள். லண்டனை எடுத்தால் பேண்ட் டி வீட்டின் பொலிஸ் பங்கு 2018-19இல் 218.13 பவுண்ட்ஸ், 2025-26இல் 319.13. ஏழு வருடத்தில் 101 பவுண்ட்ஸ். அந்த பேண்ட் கூட 1991-இல் வீடு என்ன விலை போயிருக்கும் என்பதை வைத்துப் போட்டது, இன்றைய விலைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

எல்லையைத் தாண்டிக் கேட்டுப் பார்த்தவர்களும் உண்டு. 2015 மே 7, பொதுத் தேர்தல் நடந்த அதே நாள், பெட்ஃபோர்ட்ஷையரில் நூறு பொலிஸ்காரரைக் கூடுதலாக எடுக்க 15.8 சதவீதம் கூட்டலாமா என்று மக்களிடம் கேட்டார்கள். பத்தில் ஏழு பேர் அளவில் வேண்டாம் என்றார்கள். நான் அங்கே இருந்திருந்தால் அன்றைக்கு நானும் வேண்டாம் என்றுதான் போட்டிருப்பேன். இன்றைக்குப் போடமாட்டேன், ஏனென்று சொல்கிறேன்.

இரண்டு குளிர்காலத்துக்கு முன், நாலு மணிக்கே இருட்டுகிற காலம், ஒரு வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய் வந்தால் பின்வளவுக் கதவு உடைந்து கிடக்கிறது. மேலே அலுமாரிச் சீலையெல்லாம் கட்டிலில். மாமியின் சங்கிலி, இரண்டு சோடி காப்பு, மகளின் தோடு, எல்லாம் போய்விட்டது. அவசரமில்லாத விஷயங்களுக்கான பொலிஸ் இலக்கம் 101-க்கு அடித்தேன், நாற்பது நிமிடம் பாட்டுத்தான் கேட்டது. அடுத்த நாள் இரண்டு பேர் வந்து கைரேகை பார்த்து ஒரு குற்ற எண் தந்துவிட்டுப் போனார்கள். பதினோராம் நாள் ஒரு மின்னஞ்சல்: புதிய தகவல் கிடைக்காவிட்டால் விசாரணை முடிந்தது. அந்த நாலு வரியை மாமிக்குத் தமிழில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அது அவரின் அம்மா போட்டிருந்த சங்கிலி. அந்தப் பகுதிக்கு நான் மதிப்பெண் தரமாட்டேன்.

அப்புறம் ஒரு பிசிஎஸ்ஓ வந்தார், பொலிசுக்கு உதவியாகத் தெருவில் சுற்றுகிற ஊழியர், எங்கள் வட்டாரத்துக்குப் போட்டிருந்த பெண். பிசிஎஸ்ஓக்களுக்குப் பொலிஸ்காரர் மாதிரிக் கைது செய்கிற அதிகாரம் கிடையாது. நாங்கள் கேட்காமலே வாசலில் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு வந்து, தேத்தண்ணி குடித்து, ஒரு மணித்தியாலம் இருந்தார். எந்த நாளில் வீடு வெறிச்சோடிக் கிடக்கும் என்று கேட்டார். வெள்ளி என்றதும் தலையை ஆட்டினார், அவருக்கு முதலே தெரிந்திருக்கிறது. மிச்சமிருந்த நகையை மேசையில் பரப்பி, பக்கத்தில் ஓர் அடிமட்டத்தை வைத்து ஒவ்வொன்றாகப் படம் எடுக்கச் சொன்னார். அளவு தெரிந்தால்தான் பிறகு எங்கேயாவது அகப்பட்டால் எங்களுடையது என்று காட்டலாமாம். பின்கேற்றின் கொண்டியைத் தன் கையாலேயே ஆட்டிப் பார்த்து, இது ஒரு இழுவைக்குக் கூடத் தாங்காது என்றார். பிறகு வெள்ளிக்கிழமைகளில் கோயில் விடுகிற நேரம் முடக்கில் நிற்பார், வயதானவர்கள் தாலிக்கொடியைச் சீலைக்குள் மறைக்காமல் தெருவில் நடந்தார்கள். அந்தச் சேவைக்கு ஐந்துக்கு ஐந்து. 14 இல்லை, 24 பவுண்ட்ஸ் கூட்டினாலும் கட்டுவேன்.

இப்போது அவருக்கு மூன்று வட்டாரங்கள். மாதத்தில் ஒரு தடவை கண்டால் பெரிய விஷயம். வரி மட்டும் இரண்டு தடவை கூடிவிட்டது. சம்பள உயர்வு, விலைவாசி, வாகனம், கணினி என்று கணக்குக் காட்டுகிறார்கள், அதெல்லாம் உண்மைச் செலவுதான், மறுக்கவில்லை. இடத்துக்கிடம் நிலைமையும் வேறு: சர்ரே பொலிசுக்கு வருகிற பணத்தில் பாதிக்கு மேல் வீட்டு வரியிலிருந்து, நோர்தம்ப்ரியாவில் ஐந்தில் ஒரு பங்கு அளவுதான், மிச்சம் அரசாங்க மானியம். மலிவான வீடுகள் நிறைந்த ஊரில் அதே 14 பவுண்ட்ஸ் கூட்டினாலும் சேர்கிற காசு குறைவு. ஆனாலும் கூட்டிய காசில் எங்கள் தெருவுக்கு என்ன வந்தது என்று ஒரு வரி எழுதுவதற்கு என்ன கஷ்டம்?

மொத்தமாக ஐந்துக்கு மூன்று.

வரியைத் தீர்மானிக்கிற, மக்கள் வாக்குப் போட்டுத் தெரிவுசெய்கிற பொலிஸ் ஆணையர் பதவியை 2028 மே மாதத்தோடு எடுக்கப் போவதாக அரசாங்கம் அறிவித்திருக்கிறது, பிறகு மேயர்களோ கவுன்சில்காரரோ பார்ப்பார்கள். அதுவரைக்கும் கூட்டலாமா என்று கேட்டு எங்கள் ஊரில் குளிர்காலத்தில் ஒரு கருத்துக் கணிப்பு வரும். ஐந்து நிமிட வேலை, எங்கள் ஆட்கள் நிரப்புவதே இல்லை, தயவு செய்து நிரப்புங்கள். இந்த முறை நான் சம்மதம் என்று போட்டு, காசு தெருவில் நிற்கிறவர்களுக்குப் போகவேண்டும் என்று கீழே எழுதினேன். மாமிக்கும் ஒன்று நிரப்பினேன். என்ன எழுத என்று கேட்டேன். "அந்தப் பிள்ளையை வெள்ளிக்கிழமையில வரச் சொல்லி எழுது" என்றார்.