20 யூரோ டிக்கெட்டும் அதன் மேல்செலவும்

ஜெர்மனியின் கொலோன் நகருக்குக் குடிவந்ததிலிருந்து ஐரோப்பாவுக்குள் பெரும்பாலும் மலிவு விமானங்களில்தான் போய்வருகிறேன். ரயன்ஏர், ஈஸிஜெட், விஸ்ஏர் மூன்றும் பழகிவிட்டன. “20 யூரோவுக்கு மிலானா?” என்று ஊரிலிருந்து கேட்பவர்களுக்கு என் பதில்: ஆமாம், முதுகில் ஒரு பையோடு தனியாகப் போனால்.

அந்தப் பைதான் விஷயமே. ரயன்ஏரிலும் விஸ்ஏரிலும் இலவசமாக அனுமதிக்கும் அளவு 40×30×20 செ.மீ., ஈஸிஜெட்டில் 45×36×20. அதாவது பள்ளிக்கூடப் பை. சக்கரம் வைத்த பெட்டியை இருக்கைக்கு மேலே வைக்க வேண்டுமானால் தனிக் கட்டணம். பல நாட்களில் அது டிக்கெட்டையே தாண்டிவிடும். கேட்டருகே ஒரு இரும்புச் சட்டம் இருக்கும். சந்தேகம் வந்தால் பையை அதில் இறக்கச் சொல்வார்கள். வரிசையில் நிற்பவர்கள் பையைத் திறந்து ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டு, கோட் பாக்கெட்டில் சார்ஜரையும் சாக்ஸையும் திணிப்பதை ஜூலை வெயிலில்கூடப் பார்த்திருக்கிறேன். அளக்கிறார்களா இல்லையா என்பது அன்றன்று கேட்டில் நிற்பவரைப் பொறுத்தது. அதை நம்பிப் போகாதீர்கள்.

அடுத்தது விமான நிலையம். பாரிஸ் என்று போட்டிருப்பார்கள், இறங்குவது பொவே என்ற ஊரில். நகரம் அங்கிருந்து 85 கிலோமீட்டர். பிராங்க்பர்ட் ஹான் இன்னும் மோசம், 120 கிலோமீட்டர். மிலானுக்கான பெர்கமோ பரவாயில்லை, பஸ்ஸில் ஒரு மணி நேரம். நள்ளிரவில் போய் இறங்கி பஸ்ஸும் இல்லையென்றால் டாக்ஸிக்கே பயணச் செலவு முழுவதும் போய்விடும்.

இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. செக்-இன் பண்ணப் பெட்டியே இல்லாவிட்டாலும், சில நிறுவனங்களில் பாதுகாப்புச் சோதனைக்கு முன்பே கவுண்டருக்குப் போய் பாஸ்போர்ட்டையும் வதிவிட அட்டையையும் காட்டியாக வேண்டும். இதைச் செய்யாமல் கேட் வரை போனவரைத் திருப்பி அனுப்பியதைக் கண்ணால் பார்த்தேன். இதற்காகவே நான் அரைமணி முன்னதாகப் போகிறேன்.

விமானத்துக்குள் குறை சொல்ல அதிகமில்லை. ரயன்ஏரில் இருக்கை சாயாது, முன் இருக்கையின் பின்புறம் பொருள் செருகும் பையும் கிடையாது, பாதுகாப்புக் குறிப்பை அந்த முதுகிலேயே ஒட்டியிருப்பார்கள். சுரண்டிப் பார்க்கும் லாட்டரி அட்டை விற்க வருவார்கள். ஒன்றரை மணி நேரம்தானே, சரி. பாதுகாப்பு விதிகள் லுஃப்தான்சா போன்ற பெரிய விமான நிறுவனங்களுக்கும் இவர்களுக்கும் ஒன்றுதான், அந்தப் பயம் வேண்டாம்.

தாமதம்தான் தலைவலி. தரையிறங்கிய விமானத்தை 25 நிமிடத்தில் திரும்பக் கிளப்பினால்தான் இவர்களுக்குக் கட்டுப்படியாகும். அதனால் காலையில் ஒரு இடத்தில் தாமதமானால் இரவு வரை அது கூடிக்கொண்டே போகும். விலை பத்து யூரோ கூடினாலும் நான் முதல் விமானத்தையே எடுப்பேன்.

ஒருமுறை இத்தாலியிலிருந்து திரும்பும்போது நாலு மணி நேரத்துக்கு மேல் தாமதம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதிப்படி, 1500 கிலோமீட்டருக்குள் பறந்து மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகச் சேர்ந்தால் 250 யூரோ இழப்பீடு. டிக்கெட் விலை என்னவாக இருந்தாலும் அதே தொகை. கடும் வானிலை, விமானக் கட்டுப்பாட்டாளர் வேலைநிறுத்தம் போன்றவற்றுக்குக் கிடையாது. நிறுவனம் முதலில் வானிலை என்று பதில் போட்டது. கேட்டில் ‘தொழில்நுட்பக் கோளாறு’ என்று எழுதியிருந்த திரையைப் படம் எடுத்து வைத்திருந்தேன். அதை அனுப்பி, அடுத்தது பயணிகளின் புகாரைத் தீர்த்துவைக்கும் சமரச அமைப்புதான் என்று எழுதிய பிறகு பணம் வந்தது. இடைத்தரகு இணையதளங்களிடம் கமிஷன் கொடுக்க வேண்டாம், நிறுவனத்தின் படிவத்திலேயே நேரடியாகக் கேட்கலாம்.

அம்மாவும் அப்பாவும் ஊரிலிருந்து வரும்போது மட்டும் இந்தப் பக்கமே போவதில்லை. இரண்டு பெரிய பெட்டி, மூவருக்கும் பக்கத்துப் பக்கத்து இருக்கை, போக வர பஸ் என்று கூட்டினால் ரயில் டிக்கெட்டுக்கே வந்து நிற்கிறது. ரயிலில் அம்மா கட்டிவரும் புளியோதரையை யாரும் அளந்து பார்ப்பதில்லை.