திரையில் 384, உள்ளே 48: டேக் வாங்கி 18,500 ரூபாய் இழந்தேன்

வீட்டில் பாட்டு கேட்க டேக் (DAC, கம்ப்யூட்டரின் டிஜிட்டல் பாட்டை ஆம்ப்ளிஃபையர் ஏற்கும் அனலாக் ஒலியாக மாற்றும் சிறு பெட்டி) வாங்கும் எண்ணத்தில் இருப்பவர்கள், பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். மூன்று மாதம் முன்பு கோவையில் ஒரு ஆடியோ கடையில் 18,500 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன். கடையின் பெயரை இங்கே எழுதவில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது.

அப்பாவுக்காகத்தான் வாங்கினேன். வானொலிக் கச்சேரி கேட்டே வளர்ந்தவர். வீணை என்றால் உயிர். கம்ப்யூட்டரில் இருந்து நேராக ஆம்ப்ளிஃபையருக்கு ஒயர் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தோம். பின்னணியில் மெலிதாக ஒரு 'ஸ்ஸ்' இருக்கும். டிஜிட்டல் ஃபைலை அனலாக் ஒலியாக மாற்றுகிற வேலையைத் தனியாக ஒரு டேக்கிடம் கொடுத்தால் அது போய்விடும் என்று படித்தேன். அது உண்மைதான், நல்ல டேக் கிடைத்தால்.

கடையில் நன்றாகத்தான் பேசினார்கள். முதலில் என் போனின் ஹெட்போன் துளையில் இருந்து ஒயர் போட்டு ஒரு பாட்டு. அடுத்து அதே பாட்டை அவர்களுடைய லேப்டாப்பில் இருந்து இந்த டேக் வழியாக. வித்தியாசம் அப்படியே முகத்தில் அடித்தது. குரல் முன்னால் வந்தது, மிருதங்கத்துக்குக் கனம் வந்தது. அசந்துபோனேன். என் போனின் சத்தம் பாதி அளவில் இருந்தது என்பதும், டேக்கில் முழு அளவில் வைத்திருந்தார்கள் என்பதும் எனக்கு அப்போது உறைக்கவில்லை. சத்தம் சற்றுக் கூடினாலே காது அதைத் தெளிவு என்று எடுத்துக்கொள்ளும். இந்த வியாபாரத்தில் மிகப் பழைய தந்திரம் இது என்று பிறகுதான் தெரிந்தது.

அட்டைப்பெட்டியில் '32 பிட், 384 கிலோஹெர்ட்ஸ்' என்று போட்டிருந்தது. ஒலியை எவ்வளவு நுணுக்கமாக, நொடிக்கு எத்தனை ஆயிரம் முறை அளந்த ஃபைலை அது ஏற்கும் என்பதைச் சொல்லும் எண்கள் இவை. உள்ளே ஜப்பானின் ஏகேஎம் கம்பெனி சிப் என்றார்கள். "2020-ல் அவங்க ஃபேக்டரி எரிஞ்சுபோச்சு சார், அதுக்கப்புறம் இந்தச் சிப் கிடைக்கிறதே இல்ல, கடைசி ரெண்டு பீஸ்தான் இருக்கு." அந்தத் தீ விபத்து உண்மை. 2020 அக்டோபரில் நொபெயோக்கா ஊரில் இருந்த தொழிற்சாலை எரிந்து, உலகம் முழுக்க ஆடியோ கம்பெனிகள் திணறின. ஒரு நிஜச் செய்தியைச் சேர்த்துச் சொன்னதால் மற்றதையும் நம்பிவிட்டேன். பில் வேண்டாம் என்றால் 18 சதவீத ஜிஎஸ்டி மிச்சம் என்றார்கள். அதற்கும் தலையாட்டினேன். 10,000 ரூபாய் ஜிபேயில், மீதி கையில்.

வீட்டுக்கு வந்து மாட்டினோம். ஒரு வாரம் கழித்து அப்பாதான் கண்டுபிடித்தார். வீணையில் தந்தியை மீட்டிவிட்டு நாதம் தேய்ந்து தேய்ந்து அடங்கும் அல்லவா, அந்த இடத்தில், "ஏதோ கிர்ருனு கேக்குதுடா" என்றார். ஸ்பீக்கர் பக்கத்தில் காதை வைத்தேன். மவுசை நகர்த்தினால் 'கிர்ர்', நிறுத்தினால் நின்றுவிடுகிறது. கம்ப்யூட்டரின் மின் இரைச்சல் யுஎஸ்பி வழியாக அப்படியே உள்ளே வருகிறது. எது போக வேண்டும் என்று வாங்கினேனோ, அது கூடியிருந்தது.

அப்போதுதான் டேக்கின் திரையைக் கவனித்தேன். பல வருடப் பழைய எம்பி3 ஒன்றைப் போட்டாலும் 384 என்றே காட்டுகிறது. சிடி தரத்தில் ஒரு ஃபைல் போட்டால், விண்டோஸ் நடுவில் மாற்றாமல் அனுப்பினால், 44.1 என்று வர வேண்டும். அதற்கும் 384. சரி என்று விண்டோஸில் சவுண்ட் செட்டிங்ஸ் போய், இந்தச் சாதனத்தின் ப்ராப்பர்டீஸில் எந்தெந்த ஃபார்மட் ஏற்கும் என்று பார்த்தேன். 16 பிட்டுக்கு மேல் ஒன்றுமே இல்லை. அதிகபட்சம் 48 கிலோஹெர்ட்ஸ்.

சென்னைக்குப் போனபோது ரிச்சி தெருவில் பழைய ஆம்ப்ளிஃபையர் பழுது பார்க்கும் ஒருவரிடம் கொடுத்தேன். நான்கு திருகாணியைக் கழற்றினார். நடுவில் பெரிதாக ஒரு சிப், அதன்மேல் பளிச்சென்று ஜப்பான் கம்பெனி பெயர். பஞ்சில் தின்னரைத் தொட்டு ஒரு தேய். எழுத்து பஞ்சோடு வந்துவிட்டது. "லேசர்ல பொறிச்ச எழுத்து இப்படி வராதுங்க" என்றார். ஓரத்தில் விரல் நகத்தளவில் இன்னொரு சிப். பிசிஎம்2704. யுஎஸ்பியை வாங்குவது, அனலாக் ஆக்குவது என்று எல்லா வேலையும் அது ஒன்றே செய்கிறது. இருபது வருடத்துக்கு முந்தைய சிப், 16 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். அது மோசமான சிப் இல்லை, அதன் விலைக்கு நல்லதுதான். அந்த விலை சில நூறு ரூபாய். பெரிய சிப்பின் கால்களில் இருந்து எந்தப் பக்கமும் இணைப்புப் போகவில்லை. சும்மா ஒட்டி வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்தபோது வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

கூடவே 'ஹை-ரெஸ் பாடல்கள்' (சிடியைவிட உயர்ந்த தரம் என்று பொருள்) என்று ஒரு பென் டிரைவ் இலவசமாகத் தந்திருந்தார்கள். ஒவ்வொரு பாட்டும் 100 எம்பிக்கு மேல். ஸ்பெக் என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது, பாட்டில் எந்த அதிர்வெண் (ஒலியின் உயரம், இதையும் கிலோஹெர்ட்ஸில்தான் சொல்வார்கள்) வரை ஒலி இருக்கிறது என்று படமாகக் காட்டும். எல்லாப் படத்திலும் 16 கிலோஹெர்ட்ஸில் கத்தியால் வெட்டிய மாதிரி ஒரு கோடு, அதற்கு மேல் வெறும் கருப்பு. 128 கேபிபிஎஸ் என்ற குறைந்த தர எம்பி3-யை எடுத்து ஊதிப் பெரிதாக்கியிருக்கிறார்கள். போன விவரம் திரும்ப வராது.

கடைக்குத் திரும்பப் போனேன். "திறந்துட்டீங்க சார், வாரன்ட்டி போச்சு" என்றார்கள். பில்லும் இல்லையே.

வாங்கப் போகிறவர்கள் உங்கள் லேப்டாப்பையே கடைக்கு எடுத்துப் போங்கள். டேக்கை மாட்டி, அந்த ஃபார்மட் பட்டியலை அங்கேயே பாருங்கள். இரண்டு நிமிட வேலை. ஒப்பிட்டுக் கேட்கும்போது இரண்டு பக்கமும் சத்தத்தைச் சமமாக வைக்கச் சொல்லுங்கள். மறுத்தால் வெளியே வந்துவிடுங்கள். 18 சதவீதம் போனாலும் பில் வாங்குங்கள். இன்னொன்று: இசை கேட்க 384 எல்லாம் தேவையே இல்லை. சிடியின் 44.1 கிலோஹெர்ட்ஸ், மனிதக் காதுக்கு எட்டுகிற 20 கிலோஹெர்ட்ஸ் வரை முழுவதையும் பிடித்துவிடும். எண்ணுக்குப் பணம் கொடுக்காதீர்கள், அந்தப் பணத்தை ஸ்பீக்கரில் போடுங்கள்.

ஏற்கெனவே ஏமாந்திருந்தால் 1915-க்குப் போன் செய்யுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண். நான் செய்தேன். கடையில் இருந்து பதில் வரவில்லை. அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் நானே எழுதிக் கொடுத்தேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. புகாருக்கான காரணம் எழுந்த நாளில் இருந்து இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். ஜிபே ரசீது, கடைக்காரர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய '32 பிட்' விளம்பரம், அழிந்த எழுத்தோடு சிப்பின் படம், மூன்றையும் இணைத்திருக்கிறேன். இதே பெட்டி வாங்கியவர்கள் கோவையில் வேறு யாராவது இருந்தால் எனக்கு எழுதுங்கள், சேர்ந்தே போகலாம்.